முதல் தாம்பூலம்

கிரிஜாவைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொன்னால் போதும், திருமுல்கேரி வீடு எனக்கு வந்துவிடும் என்றார் வக்கீல். என் அக்கா மங்கையர்க்கரசி சம்பாதித்துக் கட்டிய வீடு. முன்னால் கொஞ்சம் மண்தரை, பின்னால் துவைக்கிற கல், மொட்டை மாடியில் நின்றால் பட்டாள மைதானம் தெரியும். இத்தனைக்கும் சேர்த்து நாலே நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மத்திய அரசின் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்தவள், கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டாள். எனக்கு இந்த ஊரிலேயே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தவளும் அவள்தான். நான் பேகம்பேட்டில் வாடகை வீட்டில், அவள் திருமுல்கேரியில் சொந்த வீட்டில். நடுவில் ஒரு பஸ் தூரம். அந்த பஸ்ஸில்தான் கிரிஜா ஏறினாள்.

நிஜமாகவே பஸ்ஸில்தான். கோயம்புத்தூர்க்காரி, வங்கியில் வேலை. அக்கா ஆபீஸ் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சினேகம் பிடித்தாள். பிறகு வேலையை விட்டுவிட்டு அமீர்பேட்டில் ஒரு பெண்கள் விடுதி தொடங்கினாள். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்க வந்து, ஹாஸ்டல் வாடகை கட்ட முடியாமல் முழிக்கிற பெண்களுக்கான விடுதி. லாபத்துக்கு இல்லை, டிரஸ்ட் பதிவு செய்து தர்மமாக நடத்தினாள். அதோடு அக்காவின் சனி ஞாயிறுகள் எனக்கு இல்லாமல் போயின. போன் செய்தால், "ஏட்டி பகவதி, இங்க ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கி, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாள். எனக்கும் காய்ச்சல் வந்ததுண்டு. நான் சொன்னதில்லை. கூடப் பிறந்தவளுக்குத் தானாகத் தெரிய வேண்டாமா?

அக்கா உயில் எழுதினாள். நகை என் மகள் தாரிணிக்கு, பித்தளைப் பாத்திரங்கள் எனக்கு. வீடும் அதிலிருக்கிற சாமான்களும் கிரிஜாவின் விடுதிக்கு. உயிலை நிறைவேற்றி வைக்கிற பொறுப்பும் கிரிஜாவுக்கே. அண்டாவைத் தேய்த்துக் கொண்டு கிட என்று எனக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டாள்.

அப்புறம் கொரோனா வந்தது. கோர்ஸெல்லாம் ஆன்லைனுக்குப் போயிற்று, பெண்கள் ஊருக்குப் போனார்கள், விடுதி மூடியது மூடியதுதான். டிரஸ்டையே கலைத்துவிட்டாள் கிரிஜா. அதற்குள் அக்கா பக்கவாதம் வந்து படுத்துவிட்டாள். உயிலைத் திருத்தி எழுதுகிற நிலையில் அவள் இல்லை. பேகம்பேட்டிலிருந்து வந்து அவளுக்குக் கஞ்சி ஊட்டியதும், புரட்டிப் படுக்கவைத்ததும், முதுகுக்குப் பவுடர் போட்டதும் நான். கண்ணைத் திறந்தால் கோணிய வாயால் அவள் கேட்டதெல்லாம், "கிரிஜா வந்தாளா?" என்பதுதான். வந்தாள், வாரம் ஒரு தடவை, சாத்துக்குடியோடு. தினமும் இருக்கிறவளை எதற்குத் தேட வேண்டும் என்று தாரிணி எனக்குச் சமாதானம் சொன்னாள். அவளுக்கென்ன, அவள் ஒற்றைப் பிள்ளை.

அக்கா போனாள். காரியமெல்லாம் முடிந்தபின் கிரிஜா உயிலை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"பகவதி, வீட்டை ஹாஸ்டலுக்குன்னு எழுதியிருக்காங்க. ஹாஸ்டலே இப்ப இல்லீங்களே. நானா ஒரு முடிவு பண்றது சரியில்லீங்க. கோர்ட்டைக் கேட்டுக்கலாம்" என்றாள்.

வீட்டைத் தன் பேருக்குச் சுருட்டிக்கொள்ளப் பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன். அதற்கும் வழிவிடாமல் யோக்கியமாக வந்து உட்கார்ந்திருந்தாள். பேகம்பேட்டில் அதே மாதிரி ஒரு பெண்கள் விடுதி நடத்துகிற வேறொரு டிரஸ்டுக்கு வீட்டைக் கொடுக்க அனுமதி வேண்டும் என்று மனுப் போட்டாள். நான் சும்மா இருப்பேனா? அக்காவுக்கு நான் ஒருத்திதான் வாரிசு, தர்மம் செத்துப்போனால் வீடு எனக்கு வரவேண்டும் என்று எதிர் மனுப் போட்டேன்.

என் வக்கீல் உமாசங்கர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பேச்சில் பாதி உருது. முதல் நாளே எனக்குச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்.

"அம்மா, தர்மத்துக்கு எழுதின சொத்தைக் கோர்ட்டு லேசுல விடாது. எழுதின மாதிரியே நடக்க வழியில்லேன்னா, எழுதினவங்க மனசைப் பார்க்கும். பொதுவா பொம்பளைப் பிள்ளைங்களுக்கு உதவணும்னு நினைச்சு, அதுக்கு ஒரு வழியா இந்த ஹாஸ்டலை எழுதியிருந்தாங்கன்னா, அதுக்குக் கிட்டத்துல இருக்கற வேற நல்ல காரியத்துக்கு ஜட்ஜ் திருப்பி விட்டுருவார். அப்படி இல்லாம, அந்த ஹாஸ்டல் ஒண்ணுதான், வேற எதுவும் நக்கோ, வேண்டாம், அப்படின்னு இருந்திருந்தா, ஹாஸ்டலோட அந்த வரியும் செத்துப்போச்சு. சொத்து ரத்த சொந்தத்துக்கு. உங்களுக்கு."

"சரி, நான் என்ன சொல்லணும்?"

"ஹவ், ஆமா, அதான் விஷயம். உங்க அக்காவுக்கு கிரிஜாம்மாதான் உசிரு, அந்த ஹாஸ்டல்தான் உலகம், வேற யாருக்கும் எதுவும் செய்யற ஆளே இல்லேன்னு நீங்க சொல்லணும்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். விளையாடவில்லை.

"எதிர்க்கட்சிக்காரியைப் புகழ்ந்து ஜெயிக்கிற கேஸ் இதுதாம்மா முதல்" என்று அவரே சிரித்தார். "ஒரு சம்பவம் வேணும். ஜட்ஜ் மனசுல நிக்கற மாதிரி. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவே தேவையில்லை. கிரிஜா என்றாலே எனக்கு வயிறு எரிகிற சம்பவம் ஒன்று உண்டு, அதை அப்போதே அவரிடம் புலம்பித் தீர்த்தேன்.

நவராத்திரியில் அக்கா கொலு வைப்பாள். முதல் நாள் முதல் தாம்பூலம் என்பது அவள் வீட்டில் பெரிய விஷயம். மற்ற எல்லாருக்கும் வெற்றிலை பாக்கு, பழம், சுண்டல். முதல் தாம்பூலத்துக்கு மட்டும் ரவிக்கைத் துணி, கண்ணாடி வளையல், முழுத் தேங்காய், தன் கையால் ஒரு முழம் பூ. பேகம்பேட்டிலிருந்து விழுந்தடித்து ஓடுவேன். போய்ப் பார்த்தால், விடுதிப் பெண்களோடு வந்து, கோலம் போட்டு முடித்துவிட்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள் கிரிஜா. மடியில் அந்தத் தாம்பூலம். "வாங்க பகவதி" என்று என் அக்கா வீட்டில் என்னையே வரவேற்பாள். சுண்டலை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்காருவேன்.

"இதுதாம்மா பாயிண்ட்" என்று உமாசங்கர் எழுதிக்கொண்டார். பிரமாணப் பத்திரம் தயாராகி வந்தது. இறந்தவரின் அன்பு முழுவதும் மேற்படி கிரிஜா மீதும் அவர் நடத்திய விடுதி மீதும் மட்டுமே இருந்தது என்றும், ஒவ்வோர் ஆண்டும் முதல் தாம்பூலம் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டது என்றும், சொந்தச் சகோதரிக்குக்கூட அது தரப்பட்டதில்லை என்றும் இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தது. படித்துக்காட்டினார். வேப்பெண்ணெயை விழுங்குகிறவள் மாதிரி கையெழுத்துப் போட்டேன்.

"ஒரு வீடும்மா" என்று தாரிணி ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வாடகை வீட்டின் சொந்தக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. "ஜஸ்ட் செப்பேசெய் அம்மா. சொல்லிட்டு வந்துரு." அவளுக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும். வீட்டுக் கணக்கு மட்டும் நன்றாக வரும்.

சாட்சி சொல்ல வேண்டிய நாளில் கோர்ட்டில் கூட்டம் இல்லை. கூண்டில் ஏறி நின்று பார்த்தேன். எதிரில் முதல் பெஞ்சில் கிரிஜா. கடுகு நிறத்தில் மெரூன் கரை போட்ட கத்வால் புடவை கட்டியிருந்தாள். எனக்கு அந்தப் புடவையைத் தெரியும். செகந்திராபாத் கடையில் அக்கா அதைக் கையில் விரித்து, "ஏட்டி, இந்தக் கலர் நல்லாருக்கா?" என்று என்னிடம்தான் கேட்டாள். எனக்குத்தான் எடுக்கிறாள் என்று நினைத்து, நல்லாருக்கு நல்லாருக்கு என்று தலையாட்டினேன். தீபாவளி வந்தது. எனக்கு வந்தது பச்சை. கடுகுப் புடவை எங்கே போயிற்று என்று அப்போது நான் கேட்கவில்லை. கோர்ட்டில் பதில் கிடைத்தது.

கிரிஜாவின் வக்கீல் ஸ்மிதா. சின்னப் பெண், வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. குரலை உயர்த்தாமல், தெலுங்கில் கேட்டாள். நானும் தெலுங்கில் பதில் சொன்னேன். ஜட்ஜ் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பொய்க்காரி என்று நிரூபிக்கப் பார்ப்பாள், அசையாதீர்கள் என்று உமாசங்கர் சொல்லியிருந்தார். அவள் அப்படிச் செய்யவே இல்லை. நான் எழுதிக்கொடுத்ததை ஒவ்வொன்றாக எடுத்து, அதை என் வாயாலேயே சொல்லவைத்தாள். அது எங்கள் பக்கத்துக்குத்தானே நல்லது, எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"உங்க அக்காவுக்கு உங்களைவிட கிரிஜாதான் முக்கியம். சரிதானே?"

"சரி."

"நோயில் கிடந்தபோது பார்த்துக்கொண்டது நீங்கள். அப்போதும் அவர் தேடியது கிரிஜாவை."

"ஆமாம்."

"பண்டிகை நாளில் நீங்கள் வந்து நின்றாலும் முதல் மரியாதை கிரிஜாவுக்குத்தான். சொந்தத் தங்கை என்று உங்களை ஒரு வருஷம்கூட நினைக்கவில்லை."

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கிரிஜா தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். வெட்கப்படுகிற மாதிரி. கல்யாணப் பெண் மாதிரி. என் அக்கா அன்பு முழுக்க அவளுக்குத்தான் என்று நானே கோர்ட்டில் சத்தியம் செய்து கொடுக்கிறேன், அவள் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறாள். எனக்குத் தெலுங்கு போய்விட்டது. வாயில் வந்தது திருநெல்வேலி.

"யாரு சொன்னா? அது இவளுக்குன்னு வச்சதே கெடையாது. மொதல்ல எவ வாசப்படி ஏறுதாளோ அவளுக்கு. அதுதான் எங்கக்கா வழக்கம். இவ விடியுமுன்ன வந்து உக்காந்துக்கிடுவா, அதனால இவளுக்குக் கிடைச்சுது. ஒரு வருஷம் மழையில இவ வரல. நான் வந்து செருப்பு வாரைக் கழத்திக்கிட்டு நிக்கேன். பக்கத்துல கட்டட வேலை பாக்குத ஒரு பொம்பள, சிமெண்டுக் கையோட, குடிக்கத் தண்ணி கேட்டுப் படியேறிட்டா. அக்கா என்னையும் பாத்தா, அவளையும் பாத்தா. அவ கையிலதான் தாம்பூலத்தைக் குடுத்தா. பேருகூடக் கேக்கல. என்னக்கா இதுன்னு கேட்டா, 'மொதல்ல வந்தவ அவதானட்டி'ன்னு சொல்லுதா. இவ ஹாஸ்டல் இல்லன்னா எங்கக்கா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சோறு போட்டிருப்பா. எந்தப் பிள்ளைன்னாலும் அவளுக்கு ஒண்ணுதான். இவளுக்காக எங்கக்கா ஒண்ணும் செய்யல."

டைப்பிஸ்ட் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாத ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஏமன்னாரு?" என்றார். என்ன சொன்னார் என்று கேட்கிறார்.

உமாசங்கர் எழுந்துவிட்டார். சாட்சி துக்கத்தில் ஏதோ குடும்ப விஷயம் பேசுகிறார், வழக்குக்குச் சம்பந்தமில்லை, பதிவு செய்யத் தேவையில்லை என்றார். சொல்லும்போதே என்னைப் பார்த்து, மேஜைக்குக் கீழே கையை ஆட்டினார். நக்கோ, அம்மா, நக்கோ.

"சாட்சியே தெலுங்கில் சொல்லட்டும்" என்றாள் ஸ்மிதா.

ஜட்ஜ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒன்றுமில்லை ஐயா என்றால் முடிந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. மண்தரை, துவைக்கிற கல், மொட்டை மாடி எல்லாம் கண்ணில் வந்து நின்றது. தாரிணி கடைசி பெஞ்சில் இருந்தாள். அப்படியே பார்வை கிரிஜாவின் பக்கம் போயிற்று. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. முந்தானையைப் பிடித்த கை அப்படியே நின்றிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான். பார்த்துவிட்டேன். இதை எப்படித் திரும்ப வாங்கிக்கொள்வேன்?

தெலுங்கில் சொன்னேன். நிறுத்தி, நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தமிழில் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். அந்தக் கட்டட வேலைக்காரியிடம், நாளைக்கும் வா, உன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா என்று அக்கா சொல்லி அனுப்பியதை. டைப்பிஸ்ட் அடித்து முடித்தார். ஸ்மிதா, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தாள்.

வெளியே வராந்தாவில் உமாசங்கர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"கைக்கும்மா? எதுக்கு? உங்களைக் கொன்னாலும் அந்த வக்கீலம்மா இப்படி ஒரு சாட்சியத்தை வாங்கியிருக்க முடியாது. நீங்களா எடுத்துக் கொடுத்துட்டீங்க."

"உண்மையைத்தானே சொன்னேன்."

"உண்மைதான். உங்க அக்காவுக்கு எல்லாரும் ஒண்ணுதான்னு சொன்னீங்க. எல்லாரும்னா அதுல நீங்களும்தானம்மா."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை, சட்டம் பேசுகிற மாதிரிதான் சொன்னார். கிரிஜாவைக் கீழே இறக்குகிற அவசரத்தில், அவளை இறக்கிய இடம் என் பக்கத்தில்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. எனக்கு அக்கா ஒருத்திதான். அக்காவுக்கு நான் பஸ்ஸில் வருகிற பலரில் ஒருத்தி. அதைக் கோர்ட்டில் பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

கிரிஜா படியிறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது. கேஸ் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஸ்மிதா அவளிடம் சொல்லியிருப்பாள், இருந்தும் அழுதிருக்கிறாள்.

"அது எனக்குன்னுதாங்க நினைச்சுட்டு இருந்தேன், இத்தனை வருஷமா" என்றாள். "நீங்க சொல்லித்தான் தெரியும்."

எனக்கு மனசு நிறைந்தது. பொய் சொல்வானேன். ஒரு வீட்டுக்கு அது ஈடாகாது என்று தாரிணி மாதிரி நினைக்கிறவர்கள் கூடப்பிறந்தவர்களோடு வளராதவர்கள்.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. உமாசங்கர் போனில் படித்துக்காட்டினார். இறந்தவருக்குப் பொதுவான தர்ம சிந்தனை இருந்தது, குறிப்பிட்ட விடுதி அதற்கு ஒரு வழி மட்டுமே, அந்த வழி அடைபட்டதால் தர்மம் அழியாது, ஆகவே வீட்டைப் பேகம்பேட் டிரஸ்டுக்குக் கொடுத்துப் பெண்கள் விடுதியாகவே நடத்தலாம். இதை நிலைநாட்டுவது எதிர்மனுதாரரின் சொந்தச் சாட்சியமே என்று ஒரு பாரா முழுக்க என்னைப் பற்றி எழுதியிருந்தது. அப்பீல் போகலாமா என்று உமாசங்கர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தாரிணி ஒரு வாரம் என்னோடு தமிழும் பேசவில்லை, தெலுங்கும் பேசவில்லை. நாங்கள் வாடகை குறைந்த போர்ஷன் தேடி அதே பேகம்பேட்டில் வேறு சந்துக்குக் குடிபோனோம்.

இந்த வருஷம் நவராத்திரிக்கு, விடுதியாகிவிட்ட திருமுல்கேரி வீட்டில் கொலு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்காவின் பொம்மைகள் வீட்டுச் சாமான்களோடு அவர்களுக்குப் போயிருந்தன. முதல் தாம்பூல வழக்கத்தையும் கிரிஜா அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாளாம், முதலில் வருகிறவர் யாரானாலும் அவருக்கே என்று. கோர்ட்டில் நான் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவள் அதையும் ஊருக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டாள்.

முதல் நாள் பஸ்ஸை நம்பவில்லை. ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வாசலில் ஈரக்கோலம். வேறு செருப்பு எதுவும் இல்லை. படியேறி உள்ளே போனேன். நடுக்கூடத்தில் கட்டியிருந்த கொலுப்படியில் அக்காவின் செட்டியார் பொம்மையும் தசாவதாரமும் அவள் வைக்கிற வரிசையில் இல்லாமல் கன்னாபின்னாவென்று நின்றன. தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண் சமையலறையிலிருந்து வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேலூர்ப் பக்கத்துப் பேச்சு.

"வாங்க ஆன்ட்டி, நீங்கதான் ஃபர்ஸ்ட்டு. உக்காருங்க."

தட்டில் ரவிக்கைத் துணி, வளையல், முழுத் தேங்காய், பூ. குங்குமம் கொடுத்துவிட்டுத் தட்டைக் கையில் எடுத்தவள் நின்றாள்.

"உங்க பேரு என்னா ஆன்ட்டி? நீங்க யாருன்னு தெரியலயே."

சுவரில் அக்காவின் படம் மாட்டியிருந்தது. நான் தங்கை, இந்த வீட்டுக்காரியின் கூடப்பிறந்தவள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் அதற்காகக் கொடுத்ததாக ஆகிவிடும். கிரிஜா பிறகு, தங்கச்சிங்கிறதால கொடுத்தாங்க என்று சொல்லித் திரிவாள்.

"பேரெதுக்கும்மா" என்றேன். "மொதல்ல வந்தவ நான்தான். குடு."

கொடுத்தாள். தேங்காய் கனமாக இருந்தது. சுண்டல் சாப்பிட்டுப் போங்கள் என்று அந்தப் பெண் கூப்பிட்டதைக் காதில் வாங்காமல் வெளியே வந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். கிரிஜா எப்படியும் வருவாள். அவள் பார்க்காமல் இதை வாங்கி எனக்கு என்ன பிரயோஜனம்?